முதலில் கல்லை அகற்றுவோம்



திருமண வீடு, துக்க வீடு, புதுமனை, நோயாளி இருக்கும் வீடு என எல்லா வாயிற்படிகளையும் கடந்து செல்லும் பேறு பங்குக் குருவுக்கு உண்டு. அவ்வாறு செல்லும்போது நாம் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு வீட்டிற்கும் தனக்கென்று ஒரு மணம் இருக்கிறது. காப்பிக் கொட்டை வறுத்த மணம், மீன்குழம்பின் மணம், ஈரச் சுவரின் மணம், பழைய புத்தகங்களின் மணம் என அது பலவகைப்படும். அந்த மணத்தை அறியாதவர் அவ்வீட்டார் மட்டுமே. ஒரே வாசனையை இடைவிடாது முகர்ந்தால் மூக்கு சில நிமிடங்களிலேயே அதனை உணர்வதை விட்டுவிடும். இது இயற்கை நமக்கு அளித்துள்ள சலுகை. சில வேளைகளில் அதுவே ஆபத்து. வீட்டில் தங்கிவிட்ட நாற்றத்தைப் பற்றியும், வீட்டிற்குள் நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றியும் இம்மாதம் சிந்திக்கலாம் என்று எண்ணினோம். இது குரு எழுதத்தக்க பொருளா என்று ஐயுறுவோர், சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு முதல் வெள்ளி

மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாயை அடுத்த தெருவொன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தமையால் ஓராண்டுக்கு மேலாகப் படுக்கையிலேயே காலம் கழிப்பவர். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை அவருக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம்.

அந்த அறைக் கதவைத் திறந்ததும் மூன்று வாசனைகள் நம்மை எதிர்கொள்ளும். ஒன்று ஊதுபத்தி, மற்றொன்று அலமாரியிலிருந்து வரும் பாச்சை உருண்டை, மூன்றாவது, நாம் வருகிறோம் என்று அப்போதுதான் தெளித்த ரூம் ஸ்பிரே. இம்மூன்றையும் மீறிக்கொண்டு நான்காவதாக ஒரு நாற்றம் அறையை நிறைத்திருக்கும். கால்வாயின் வாடையும் கொசுவும் வரக்கூடாதென்று ஜன்னல்கள் எப்போதும் அடைபட்டிருக்கும்.

மருமகள் தலைகுனிந்து நின்றார். “மன்னிக்க வேண்டும், சுவாமி. நாள்தோறும் இருமுறை தரையைத் துடைக்கிறேன். மாமாவுக்கு வேளைக்கு வேளை துணி மாற்றுகிறேன். ஆனாலும் இந்த நாற்றம் போகமாட்டேன் என்கிறது” என்றார். நாமும் சற்றும் யோசியாமல், “சாம்பிராணி போட்டுப் பாருங்கள், அம்மா” என்று சொல்லி வந்தோம். அவரும் நம் சொல்லைத் தட்டாமல் காலையும் மாலையும் போட்டார். அடுத்த மாதம் சென்றபோது நாற்றம் குறையவில்லை. பெரியவரின் இருமல்தான் கூடியிருந்தது.

அன்று நற்கருணை பெற்ற பின் பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். “சுவாமி, என்னால்தான் இந்த வீடு நாறுகிறது. பேரப்பிள்ளைகள் வாசற்படியிலேயே நின்று, ‘தாத்தா, குட்நைட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டவர் என்னை விரைவில் அழைத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்ளுங்கள்” என்றார். அன்பர்களே, ஒரு நாற்றத்தின் பொருட்டு ஒரு மனிதர் சாவை வேண்டுகிறார்! சாம்பிராணி போடச் சொன்ன நம் அறிவுரை எவ்வளவு மேலோட்டமானது என்பதை அப்போது உணர்ந்து வெட்கினோம்.

மறுவாரம், நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த அன்பர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் தொழிலால் பிளம்பர். அறைக்குள் நுழைந்தவர் படுக்கையின் அருகே கூட நிற்கவில்லை. நேரே அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவைத் திறந்தார். “இதை யார் பயன்படுத்துகிறீர்கள்?” என்று கேட்டார். பெரியவருக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவதால் ஓராண்டாக ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றார்கள். அவர் தரையில் இருந்த வடிகால் சல்லடையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சொட்டு நீர் இல்லாமல் வறண்டிருந்தது. இரண்டு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினார். கழிப்பிடத்திலும் ஒரு வாளி ஊற்றினார். “இவ்வளவுதான், சுவாமி” என்றார்.

இரண்டு நாளில் அந்த நாற்றம் மறைந்தது. ஓராண்டாக ஒரு மனிதர் மீது சுமத்தப்பட்டிருந்த பழி மூன்று வாளித் தண்ணீரில் நீங்கியது.

இரண்டு அங்குல நீரின் காவல்

இதன் காரணத்தை விளக்கமாகக் கூறுவோம். ஏனெனில் இது பலருடைய வீட்டில் நடப்பது. குளியலறைத் தரையிலும், கழுவுதொட்டியின் அடியிலும், கழிப்பிடத்திலும் குழாய் ஒரு வளைவாக அமைக்கப்பட்டிருக்கும். பிளம்பர்கள் அதனை ‘டிராப்’ என்பர். அந்த வளைவில் ஏறத்தாழ 2 அங்குல ஆழத்திற்கு நீர் எப்போதும் தங்கி நிற்க வேண்டும். அந்நீரே சாக்கடைக் காற்று வீட்டிற்குள் ஏறாமல் தடுக்கும் காவலாளி. பயன்படுத்தாமல் விட்டால், சென்னை வெயிலில் சில வாரங்களில் அந்நீர் ஆவியாகிவிடும். காவலாளி போனபின் கதவு திறந்து கிடப்பது போலத்தான். விருந்தினர் அறையின் குளியலறை, மொட்டைமாடிக் கழிப்பிடம், துணி துவைக்கும் இடத்தின் வடிகால் ஆகியவற்றில் வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். நெடுநாள் ஊருக்குச் செல்வோர், ஊற்றிய நீரின்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விட்டுச் செல்லலாம். எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

சாக்கடைக் காற்றில் உள்ள முக்கியமான வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. வெள்ளிக் குத்துவிளக்கும் வெள்ளிச் சிலுவையும் துலக்கிய சில நாட்களிலேயே கறுக்கின்றனவா? குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய் அடிக்கடி ஓட்டை விழுகிறதா? கால்வாயோரத்து வீடுகளில் கேட்கும் இக்குறைகளுக்குப் பெரும்பாலும் இந்த வாயுவே காரணம். 1877-78 பஞ்சக் காலத்தில், பசித்த மக்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய்ப் பகுதி இது. படகுகள் சென்ற அந்நீர்வழியில் இன்று சாக்கடை தேங்கி நிற்கிறது; அதன் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதனைத் தூய்மை செய்வது அரசின் கடமை. ஆயினும் வீட்டிற்குள் வீசுவதெல்லாம் கால்வாயின் நாற்றமே என்று எண்ணி, நம் வடிகாலைப் பாராமல் விட்டுவிடக் கூடாது.

இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்வோம். இந்த வாயு குறைவாக இருக்கும்போது நாறும். மிகுதியாகும்போது மூக்கின் உணர்வையே செயலிழக்கச் செய்து, நாற்றமின்றியே உயிரைப் பறிக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய எத்தனையோ தொழிலாளர் இவ்வாறுதான் மாண்டனர். மனிதரை இவ்வேலைக்கு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “ஐந்நூறு ரூபாய் தருகிறோம், இறங்கி அடைப்பை எடுத்துவிடு” என்று கிறிஸ்தவக் குடும்பத்தார் எவரும் ஒருபோதும் சொல்லலாகாது. இயந்திர வண்டியைத்தான் அழைக்க வேண்டும். நம் வீட்டு நாற்றத்தைப் போக்க மற்றொரு வீட்டின் விளக்கை அணைப்பது கொலைப் பாவத்திற்கு ஒப்பானது.

சுவரைப் பார்க்க வந்த குரு

இப்பொருள் குருவுக்கு உரியதா என்னும் ஐயத்திற்கு விடை லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் பூசணம் கண்டவன் குருவிடம் சென்று சொல்ல வேண்டும். குரு வருவதற்கு முன் வீட்டிலுள்ள பொருட்களை எல்லாம் வெளியேற்ற வேண்டும். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவான திட்டுகள் உள்ளனவா என்று குரு பார்ப்பார்; வீட்டை 7 நாள் அடைத்துவைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். பூசணம் பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறியச் செய்வார். உட்புறம் முழுவதும் சுரண்டி எடுத்து, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூச வேண்டும். அதன் பின்னும் பூசணம் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டியதுதான். மிகப் பழமையுடைய வேதத்தில் குருவானவர் சுகாதார ஆய்வாளராகவும் விளங்குகிறார் அன்றோ!

அச்சட்டத்தில் சுரண்டாமல் சாந்து பூசும்படி எங்கும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு முதலிய பகுதிகளின் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் வெள்ளம் தேங்கியது. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் பெரிய ஏரியொன்றைத் தூர்த்து எழுப்பப்பட்டது; மழைக்காலத்தில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை. வெள்ளம் வடிந்ததும், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறதே என்று ஈரச் சுவரின்மேலேயே வண்ணம் அடித்தவர்கள் உண்டு. சில மாதங்களில் அவ்வண்ணத்தின்மேல் கரும்புள்ளிகள் எழுந்தன. வீடெங்கும் ஈரச்சாக்கின் வாடை வீசியது. பொறுத்திருந்து, சுவரைச் சுரண்டி, உலரவிட்டுப் பின்னர்ப் பூசியவர்கள் தப்பினர்.

பூசணம் ஈரத்தில் வாழ்வது. ஆகவே கறையைத் துடைப்பதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காண வேண்டும். மாடித் தளத்தின் வெடிப்பா, குளியலறைச் சுவருக்குள் கசியும் குழாயா, மழைநீர்க் குழாயின் உடைப்பா என ஆராய வேண்டும். கசிவை அடைத்த பின், சிறிய பரப்பாயின், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிடலாம். பூசணம் பரவிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பஞ்சு மெத்தை வெள்ளத்தில் நனைந்திருந்தால் அதன்மேல் இரக்கம் காட்டாமல் எறிந்துவிடுவதே நலம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று விரற்கடையாவது தள்ளி வைத்தால் பின்னால் காற்று உலவும். நம் முன்னோர் ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்புக்கு ஒரு பொருள் இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வளராது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும். இன்றைய பிளாஸ்டிக் வகை வண்ணங்களோ ஈரத்தை உள்ளேயே சிறைவைத்துவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பிடம் கழுவும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். ஒன்றைப் பயன்படுத்தி நன்றாக நீர் ஊற்றிக் கழுவிய பின்னரும், அன்றே மற்றொன்றைத் தொடாதிருப்பது நல்லது.

அடுக்களையில்

வெள்ளிக்கிழமைகளில் நொச்சிக்குப்பத்து மீன் நம் வீடுகளுக்கு வருவது வழக்கம். குழம்பின் மணம் இனிது. மறுநாள் காலையில் எஞ்சும் கவிச்சு நாற்றம் இனிதன்று. மீன் கெடத் தொடங்கும்போது தோன்றும் ஒரு காரப் பொருளே அந்நாற்றத்திற்குக் காரணம். காரத்தை அடக்குவது புளிப்பு. புளியும் எலுமிச்சையும் காடியும் அப்பொருளோடு சேர்ந்து, அதனை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகின்றன. மீன் கழுவிய கையைப் புளியால் தேய்த்த நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் வேதியியல் அவர்களுக்குக் கைவந்திருந்தது. வாணலியையும் பலகையையும் சோப்பிடுவதற்கு முன் புளித்தண்ணீரால் கழுவிப் பாருங்கள். மீனின் செதிலையும் குடலையும் தாளில் பொதிந்து அன்றிரவே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

கழுவுதொட்டி நாறினால் பெரும்பாலும் அதன் அடிக்குழாயில் படிந்த எண்ணெயும் சோற்றுக் கஞ்சியுமே காரணம். அதன் அடியில் உள்ள கிண்ணம் போன்ற பகுதியைக் கழற்றி மாதம் ஒருமுறை கழுவலாம். குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் சமையல் சோடாவை வைத்தால் வாடை ஓரளவு குறையும். ஆனால் அப்பெட்டியின் பின்புறம், அடியில், நீர் சொட்டித் தேங்கும் தட்டு ஒன்று உண்டு. அதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? நாற்றமும் அங்கே பிறக்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவும் அங்கே பிறக்கும். வாரம் ஒருமுறை அதை வெறுமையாக்குவது பெரும் புண்ணியம்.

மணமும் புகையே

இனி, நாற்றத்தை மறைக்க நாம் கையாளும் பொருட்களைப் பற்றிப் பேசவேண்டும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் ஆகிய மூன்றும் எரிவனவே. எரிவன எல்லாம் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களை வெளிவிடும். மயிரிழையின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கும் இல்லாத அத்துகள்கள், நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவர்த்திச் சுருள்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நுண்துகளை வெளிவிடுகிறது என்று கண்டது. சிகரெட்டைக் கையால் தொடாத தாய், ஜன்னலை அடைத்து, தொட்டிலருகே சுருளைக் கொளுத்தி வைப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு! கொசுவலை புகைவிடாது, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தால் கொசு நிற்கும், காற்று வரும்.

குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. குழந்தை மருத்துவர்கள் இதனை வேண்டாம் என்கின்றனர். தலையைத் துணியால் துவட்டினாலே போதும். அவ்வாறே, பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு அப்படியே சுற்றலாகாது. அதிலுள்ள நாஃப்தலீன், பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் இரத்தசோகையையும் காமாலையையும் உண்டாக்கும். துணியை வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை இட்டு வைப்பதே பழைய வழி. நல்ல வழியும் அதுவே.

“அவ்வாறாயின் கோயிலில் தூபம் காட்டலாமோ?” என்று கேட்பீர்கள். உயர்ந்த கூரையும் திறந்த வாயில்களும் உடைய ஆலயத்தில், வழிபாட்டின் குறிப்பிட்ட வேளையில், செபம் மேலெழுவதன் அடையாளமாகக் காட்டப்படுவது தூபம். பத்தடி அறையில், கதவை அடைத்து, இருமும் நோயாளியின் தலைமாட்டில் இடுவது வேறு. முன்னது ஆராதனை; பின்னது மறைப்பு.

வீட்டுக் காற்றைப் பற்றிய இக்கவலை புதிதன்று. விறகு அடுப்பின் புகை நம் பெண்களின் நுரையீரலை எவ்வாறு வருத்துகிறது என்பதை, சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழகச் சிற்றூர்களின் சமையலறைகளில் புகையை அளந்து பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், சமையல் புகையால் நோயுறும் ஏழைகளைத் தனியே நினைவுகூர்ந்தார். நம் நகரத்தில் விறகு அடுப்பு அரிதாகிவிட்டது. ஆனால் தாளிக்கும் புகையும் வாயு அடுப்பின் ஆவியும் உண்டு. சமைக்கும் வேளையெல்லாம் வெளியேற்றும் மின்விசிறி சுழலட்டும். அது பாடும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜன்னலின் நேரம்

நாற்றத்தின் மூலத்தை அகற்றிய பின் செய்யவேண்டியது ஒன்றே: காற்றை உள்ளே விடுவது. அறையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள திறப்புகளை ஒருசேரத் திறந்தால் கால்மணி நேரத்தில் காற்று மாறிவிடும். ஏ.சி. போட்ட அறையில் நல்ல காற்று வருவதாகப் பலர் நம்புகின்றனர். வீடுகளில் நாம் பொருத்தும் ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்பத் தருகிறது. தொட்டிச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதும் மிகைப்பட்ட நம்பிக்கையே. ஜன்னல் செய்யும் வேலையைச் செடி செய்யவேண்டுமானால், வீட்டையே காடாக்க வேண்டும் என்று 2019-ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அழகுக்காகச் செடி வளருங்கள். காற்றுக்காக ஜன்னலைத் திறவுங்கள்.

எப்போது திறப்பது? பங்குனி முதல் ஆடி வரையிலான வெப்ப நாட்களில் சென்னையில் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து தரைக்காற்றும், நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்றும் வீசும். கால்வாய்க்குக் கிழக்கே வாழ்வோர் கடற்காற்று எழுந்த பின் திறந்தால், நாற்றம் அவர்களை விட்டு விலகிச் செல்லும். மேற்கே வாழ்வோர் காலையில் திறப்பது நலம். உஸ்மான் சாலை போன்ற நெரிசலான வீதியை அடுத்திருப்போர், வண்டிகள் பெருகுவதற்கு முன் விடியற்காலையில் திறக்கலாம். போகி நாளில் மட்டும் அடைத்தே வையுங்கள். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. பழையன கழிதல் நன்று. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திக் கழிப்பது நன்றன்று.

அடையாற்றின் முகத்துவாரத்தைப் பாருங்கள். கோடையில் மணல்திட்டு அதன் வாயை அடைத்துவிட்டால் ஆறு தேங்கி நாறுகிறது. மணலை அகற்றி வாயைத் திறந்துவிட்டால், கடலின் ஏற்றவற்றம் உட்புகுந்து கழுவுகிறது. வீடும் அவ்வாறே, வாயடைத்த வீடு நாறும்.

நோயாளியின் அறை

மீண்டும் அந்தப் பெரியவரிடம் வருவோம். செவிலியர் பணிக்கு முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நோயாளியின் அறைக் காற்று வெளிக்காற்றைப் போல் தூய்மையாக இருக்கவேண்டும், ஆனால் நோயாளி குளிரில் நடுங்கலாகாது என்பதையே பணிவிடையின் முதல் விதியாக 1859-ல் எழுதினார். புகையையும் மருந்தையும் நம்பி இராமல் நாறும் பொருளையே அகற்ற வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். அவ்வீட்டில் அதன்படியே செய்தனர். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தனர். மெத்தைக்கு ரெக்சின் உறை இட்டு, அதன்மேல் பருத்தி விரிப்பு போட்டனர். நனைந்த துணியை அறையில் குவிக்காமல் மூடியுள்ள வாளியில் உடனே வெளியே கொண்டு சென்றனர். தலையணையை வாரந்தோறும் வெயிலில் இட்டனர். ஊதுபத்தி நின்றது, இருமலும் தணிந்தது.

படுக்கையில் கிடக்கும் முதியவரின் உடலில் சிறிது வாடை இருக்கத்தான் செய்யும். அது இழிவன்று, நாமும் ஒருநாள் அந்நிலைக்கு வருவோம். ஆனால் திடீரென நாற்றம் மிகுந்தால் அதை மறைக்கலாகாது. படுக்கைப்புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். முதுகைத் திருப்பிப் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாற்றம் சில வேளைகளில், பேச இயலாதவர் நம்மிடம் விடுக்கும் முறையீடு.

கல்லும் பரிமளமும்

புனித யோவான் நற்செய்தியில் ஒரே வீட்டாரைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. 11-ஆம் அதிகாரத்தில், இறந்து நான்கு நாளான லாசரின் கல்லறையைத் திறக்கச் சகோதரி மார்த்தா தயங்குகிறாள். நாற்றம் வீசுமே என்று அஞ்சுகிறாள். ஆண்டவரோ கல்லை அகற்றச் செய்கிறார். 12-ஆம் அதிகாரத்தில், அதே குடும்பத்தின் மரியா ஆண்டவரின் பாதங்களில் நறுமணத் தைலத்தைப் பூசுகிறாள். வீடு முழுவதும் அதன் மணத்தால் நிறைகிறது. இந்த வரிசையை நாம் கருத வேண்டும். முதலில் கல் அகன்றது. பின்னரே பரிமளம் வந்தது. நாமோ கல்லை அகற்றாமல், அதன்மேல் பரிமளத்தைத் தெளித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் மட்டுமன்று. பேசாமல் அடைத்து வைத்த சகோதரப் பகை, கணவனும் மனைவியும் திறக்காத பழைய மனத்தாங்கல், ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லாமல் ஒளித்த பாவம் ஆகியவற்றின்மேலும் புன்னகையையும் விழாக்களையும் தெளித்து மறைக்கிறோம். மூக்கு பழகிவிடுவதைப் போல மனச்சான்றும் பழகிவிடுகிறது. விருந்தினர் வந்து சொல்லும்வரை நமக்குத் தெரிவதில்லை.

சென்ற முதல் வெள்ளியன்று நாம் சென்றபோது அப்பெரியவரின் படுக்கை ஜன்னலருகே மாற்றப்பட்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து பேத்தி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நற்கருணை பெற்ற பின் பெரியவரிடம், “இன்று என்ன வேண்டிக்கொள்ளட்டும், ஐயா?” என்று கேட்டோம். “இவள் பரீட்சையில் தேறவேண்டும், சுவாமி” என்றார். சாவைப் பற்றி அவர் பேசவில்லை.

இம்மாதம் உங்கள் வீட்டில், எவரும் புழங்காத குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். எவரும் நுழையாத அறையின் ஜன்னலைத் திறவுங்கள். அந்த அறையில் ஒருவர் படுத்திருந்தால், அவர் அருகே கால்மணி நேரம் அமருங்கள். ஆண்டவர் உங்கள் இல்லங்களையும், அவற்றுள் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் ஆசீர்வதிப்பாராக.